முதுகுக்குக் கீழே ஒரு கை நுழைந்தது

ஆறு வாரம் வீணாகிவிட்டது. இடுப்பு இழுப்புக்குத் தப்பான தசையை நீட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆதங்கம் இன்னும் அடங்கவில்லை.

நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. எழுந்தால் இடுப்பின் முன்பக்கம் இழுக்கும். வீட்டுப் பக்கத்து கிளினிக்குக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். அதில் காலை மடக்கிப் பார்க்க முடியாது, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அரை நாள் லீவு போனது. தயவுசெய்து ஷார்ட்ஸ் கொண்டுபோங்கள்.

மறுநாள் தாமஸ் டெஸ்ட். மல்லாந்து படுத்து ஒரு முட்டியை நெஞ்சோடு கட்டிப் பிடிக்க வேண்டும். மற்ற தொடை கட்டிலை விட்டு எழும்பினால் இடுப்பு மடக்கும் தசை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். என் தொடை எழும்பவில்லை, 'நார்மல்' என்றார் அங்கிருந்த பிசியோ. அப்புறம் காலை நேராகத் தூக்கிக் கண்ணளவிலேயே 60 டிகிரி என்று சொல்லி, ஹாம்ஸ்ட்ரிங்குக்கு, அதாவது தொடையின் பின்தசைக்கு, ஸ்ட்ரெட்ச் கொடுத்தார். ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் செய்தேன். இழுப்பு அப்படியே இருந்தது.

கடைசியில் அரசு மருத்துவமனை பிசியோ பிரிவு. ஓபி சீட்டோடு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அங்கிருந்த பிசியோ அம்மா தாமஸ் டெஸ்டில் முதலில் செய்தது, என் முதுகுக்கும் கட்டிலுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்ததுதான். கை தாராளமாக நுழைந்தது. "முதுகு வில்லு மாதிரி நிக்குது சார், முட்டிய இன்னும் இழுத்துப் பிடிங்க." முதுகு கட்டிலில் படிந்ததுமே வலது தொடை தானாக மேலே வந்தது. எவ்வளவு எழும்புகிறது என்று கோனியோமீட்டர் (கோணம் அளக்கும் கருவி) வைத்து அளந்தார்: வலது 15 டிகிரி, இடது 10. இத்தனை நாளும் முதுகு வளைந்து குறையை மறைத்திருக்கிறது.

குப்புறப் படுத்து முட்டியை மடக்கியபோதும் பிட்டம் எழும்பியது. அது தொடையின் முன்தசை இறுக்கம். பக்கவாட்டில் படுத்துச் செய்த ஓபர் டெஸ்டில், அதாவது தொடையின் வெளிப்பக்க இறுக்கம் பார்ப்பதில், பிரச்சினை இல்லை.

ஹாம்ஸ்ட்ரிங்? இடுப்பை 90 டிகிரியில் மடக்கி வைத்து முட்டியை நீட்டச் சொன்னார். முழுசாக நீட்ட 15 டிகிரிதான் பாக்கி. 20 வரை பரவாயில்லையாம். கீழே கிடக்கும் காலின் இறுகிய தசை இடுப்பெலும்பை முன்னால் சாய்ப்பதால், தூக்கும் கால் குறைவாக எழும்புகிறது. அதைத்தான் அந்த முதல் கிளினிக்கில் ஹாம்ஸ்ட்ரிங் குறை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் போனால் இரண்டு பக்க அளவையும் டிகிரியில் எழுதி வாங்குங்கள். காலைத் தூக்கும்போது வலி முட்டிக்குக் கீழே மின்சாரம் மாதிரி ஓடினால் உடனே சொல்லுங்கள், அது நரம்பாக இருக்கலாம்.

போன வாரம் அதே கட்டில், அதே கோனியோமீட்டர். வலது 5 டிகிரி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.