நாற்பது வீதக் கழிவும் வைபரில் கிடந்த படமும்

போன தைப்பொங்கலோடு அம்மாவுக்கு ஒரு பிரிட்ஜ் எடுத்தோம். காசு சுவிசில் இருக்கும் அண்ணாவுடையது, அலைச்சல் என்னுடையது. வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி டவுனுக்கு வரும்போதெல்லாம் ஏ9 வீதியோரக் கடைகளில் ஏறி இறங்கி, நல்லதாகப் பட்டதை விலைத்துண்டோடு படம் பிடித்து அண்ணாவுக்கு வைபரில் அனுப்புவேன். "பார்ப்பம்" என்று ஒரு சொல் வரும். மார்கழி முழுக்க இதுதான் கதை.

பொங்கலுக்கு ஐந்தாறு நாள் இருக்க, அதில் ஒரு கடை வாசலில் பெரிய பதாகை தொங்கியது. "40% வரை விலைக்கழிவு." அந்த "வரை" மட்டும் எறும்பளவு. உள்ளே, நாங்கள் முன்பு பார்த்த அதே பிரிட்ஜில் சிவப்புத் துண்டு ஒட்டியிருந்தது. 165,000 என்று எழுதி வெட்டி, கீழே 99,000. அதையும் படமெடுத்து அனுப்பினேன். "உடனே எடு" என்றார் அண்ணா. லாண்ட்மாஸ்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று.

இரவு அவரே அழைத்தார். "டேய், நீ முதல் அனுப்பின படத்தைப் பார்." பார்த்தேன். டிசெம்பர் 19, அதே கடை, அதே மொடல், விலை 103,500. அப்படியென்றால் உண்மையில் குறைந்தது 4,500 ரூபா. நூற்றுக்கு நாலு, நாலரை. அந்த 165,000 எங்கிருந்து முளைத்தது?

கடைக்குப் போய்க் கேட்டேன். முகாமையாளர் மரியாதையான ஆள், தேத்தண்ணி எடுப்பித்தார். "அது கொம்பனி விலை தம்பி, நாங்கள் எப்பவும் குறைச்சுத்தான் குடுக்கிறது." எப்பவும் குறைத்துக் கொடுக்கிறதென்றால் பொங்கலுக்கு என்ன புதுக் கழிவு என்றேன். இன்னொரு தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

சரி என்று 1977க்கு அழைத்தேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் அது. எழுத்தில் முறைப்பாடு தரவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் தரவேண்டும் என்றார்கள். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் முதலில் கேட்டது பில். அதை விரித்தபோதுதான் எனக்கே விளங்கியது: பில்லில் 99,000 மட்டும்தான் இருக்கிறது. பழைய விலையும் இல்லை, கழிவு என்ற சொல்லும் இல்லை. சிவப்புத் துண்டையோ பிரிட்ஜ் வந்த அன்றே அம்மா சுடுதண்ணி போட்டுச் சுரண்டி எறிந்துவிட்டார். ஆக மிஞ்சியது அண்ணாவுக்கு அனுப்பிய இரண்டு படங்கள்தான். திகதி தெரியும்படி அப்படியே அச்செடுத்துக் கடிதத்தோடு கொடுத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் 30ஆம், 31ஆம் பிரிவுகள் இப்படியான ஏமாற்று நடத்தைக்கும் பொய்க்கூற்றுக்கும் உரியவை. நம்பரைக் கடிதத்தில் எழுதினால் கொஞ்சம் கனம் வரும் என்று நானும் எழுதினேன்.

மாசியில் இரண்டு பகுதியையும் கூப்பிட்டார்கள். இப்போது கொம்பனி விலைக் கதை இல்லை. "பெடியன் துண்டை மாறி ஒட்டிட்டான்." எல்லாக் கடையிலும் அந்த ஒரே பெடியன்தான் வேலை செய்கிறான் போல. படங்களை மேசையில் வைத்ததும் பேச்சு சுருங்கிவிட்டது. பிரிட்ஜைத் திருப்பித் தந்தால் முழுக்காசு, இல்லையென்றால் 7,500 ரூபா என்றார்கள்.

அம்மாவைக் கேட்டேன். "உள்ளுக்கை மீன் கிடக்கு, நீ பேசாமல் வா" என்றார். 7,500ஐ வாங்கிக் கையெழுத்து வைத்தேன். போய்வந்த செலவையும் போட்டோக்கொப்பிக் காசையும் கழித்து மிச்சத்தை அண்ணாவின் கணக்கில் எழுதினேன். அவர் இப்போது வோஷிங் மெஷின் படம் கேட்கிறார்.