நெஞ்சு வருத்தத்தோடு சிகரட்டை விடுகிறவர்களுக்கு

சிகரட்டை விடுவதற்காக, நிக்கொட்டின் உள்ள பட்டையைத் தோலில் ஒட்டி, நிக்கொட்டின் சூயிங்கமும் சப்புகிறேன். "அதுவும் நிக்கொட்டின்தானே, பிறகென்ன விட்டது?" என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் ஊரில் குறைவு. சந்தியில் கேட்கிறார்கள், வாசிகசாலையில் பேப்பர் பார்க்கும்போது கேட்கிறார்கள், கனடாவிலிருந்து கதைக்கிற சித்தப்பாவும் கேட்கிறார். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டே வெட்கப்பட்டு, கையில் ஒட்டியிருந்த பட்டையை உரித்துப்போட்டுவிட்டுத் திரும்பவும் கடையில் ஒற்றைச் சிகரட் வாங்கப்போன ஒரு அண்ணையை எனக்குத் தெரியும். அவருக்கும் என்னைப் போலவே சீஓபீடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாளாக நாளாகக் கூடுகிற நுரையீரல் வருத்தம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சுருட்டோ பீடியோ சிகரட்டோ, எரியும்போது வருகிற தாரும் மற்ற நச்சுகளும்தான் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிச் சுருக்குகின்றன, காற்றறைகளின் சுவரை அரிக்கின்றன. நிக்கொட்டின் மூளையைப் பிடித்துவைத்துக்கொண்டு, விடிய எழும்பியவுடன் நெருப்புப்பெட்டியைத் தேட வைக்கிறது. அதில் ஒரு கெடுதலும் இல்லையென்று சொல்லமாட்டேன், நெஞ்சு படபடக்கும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் சீஓபீடியில் போன நுரையீரல் போனதுதான், மிச்சமிருப்பது கரைகிற வேகத்தைக் குறைக்கப் புகையை நிற்பாட்டுவது போல வேறொன்றும் கிடையாது. வாயால் உறிஞ்சுகிற மருந்துப் பம்ப் அடித்தால் மூச்சு இலேசாகும், அவ்வளவுதான். அப்படியிருக்க, புகையில்லாமல் நிக்கொட்டினை மட்டும் கொடுத்து ஆளை நிதானமாக வைத்திருக்கிற ஒன்றை ஏன் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டும்?

பட்டை நாள் முழுக்க ஒரே அளவில் கொடுத்துக்கொண்டிருக்கும், திடீரென்று வருகிற ஆசைக்கு சூயிங்கம். ஒன்றை மட்டும் பாவிப்பதைவிட இரண்டையும் சேர்த்துப் பாவித்தால் சிகரட்டை விடுகிறவர்களின் தொகை கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாளுக்குப் பத்துச் சிகரட்டுக்கு மேல் பத்தினவர்கள் வழக்கமாக 21 மில்லிகிராம் பட்டையில் தொடங்கி 14, 7 என்று இறங்குவார்கள். சூயிங்கம் 2, 4 மில்லிகிராமில் வரும், எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் பிடிக்கிறவர்களுக்கு 4. இங்கே எல்லாப் பாமசியிலும் கிடைக்காது, விலையும் கூட. எனக்குப் பட்டை லண்டனில் இருக்கிற மச்சான்தான் அனுப்புகிறார்.

இந்த சூயிங்கத்தைச் சப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மெதுவாகச் சப்ப மிளகு கடித்தது போல ஒரு காரமும் விறுவிறுப்பும் வரும், உடனே நிறுத்தி அதைக் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் திரும்பச் சப்பி, மற்றப் பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணித்தியாலம். சும்மா சப்பிச் சப்பி எச்சிலை விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிவும்தான் மிச்சம், ஏனென்றால் நிக்கொட்டின் ஏறுவது வாய்த்தோல் வழியாக. கோப்பி, சோடா, பழச்சாறு குடித்தால் வாயின் புளிப்பில் அது சரியாக ஏறாது, கால் மணித்தியாலமாவது தள்ளிவைக்க வேண்டும்.

அப்புறம், மிக முக்கியமான விசயம். மூச்சுக்குழாயை விரிக்கிற தியோபிலின் குளிசை உங்களுக்குத் தந்திருக்கிறார்களா? பத்துகிறவரின் ஈரல் அந்த மருந்தைச் சீக்கிரமாகவே கழித்துவிடும், அதைச் செய்ய வைப்பது புகையில் இருக்கிற பொருட்கள். புகை நின்றதும் அதே குளிசை உடம்பில் கூடத் தங்கும், ஓங்காளம், கை நடுக்கம், படபடப்பு வரும். பலர் இதைப் பட்டையின் குற்றமென்று நினைத்துப் பட்டையை நிறுத்திவிடுகிறார்கள். விடப்போகிற திகதியைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொன்னால் மருந்தின் அளவைப் பார்த்துக் குறைப்பார்கள். தேத்தண்ணி, கோப்பியில் இருக்கிற கஃபீனுக்கும் இதே கதைதான், பழைய கணக்கில் குடித்தால் நித்திரை வராது.

முதல் கொஞ்சக் காலம் இருமலும் சளியும் கூடலாம். "விட்டதால்தான் வருத்தம் கூடினது" என்று ஊரில் சொல்வார்கள். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் திரும்ப வேலை செய்யத் தொடங்கிச் சளியை மேலே தள்ளும்போது அப்படி வருவதுண்டு. ஆனால் காய்ச்சலோ, சளி நிறம் மாறுவதோ, மூச்சு முன்னையைவிட முட்டுவதோ இருந்தால் வீட்டில் இருக்காதீர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் புகையிலை போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் எத்தனை! எங்கள் வீடும் அப்படித்தான். இந்த மண்ணில் ஒருவர் புகையை விடுவது இலேசான காரியமில்லை, அவருக்குத் துணையாக எது கிடைத்தாலும் பாவிக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். இலங்கையில் 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தாலும் புகையை விட ஆலோசனை சொல்வார்கள்.

நான் இப்போது 14 பட்டையில் நிற்கிறேன். மாரியில்தான் எனக்கு முட்டுக் கூட, அதனால் தை பிறந்த பிறகு 7க்கு இறங்கலாமென்று டொக்டரோடு கதைத்து வைத்திருக்கிறேன், சூயிங்கம் அதற்குப் பிறகும் சேட்டுப் பையில் இருக்கும்.