கணைய அழற்சி: டிரிப்ஸ் குறைந்தது, சாப்பாடு சீக்கிரம் வந்தது

திடீர் கணைய அழற்சி என்றால் வாயைக் கட்டிவிட்டு, பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றுவதுதான் நெடுங்காலமாக வைத்தியம். இப்போது இரண்டுமே மாறிவிட்டன.

கண்டுபிடிப்பதில் பெரிய குழப்பமில்லை. கடுமையான மேல்வயிற்று வலி, ரத்தத்தில் லைப்பேஸ் அல்லது அமைலேஸ் (இரண்டும் செரிமான நொதிகள்) இயல்பின் உச்சவரம்பைப்போல மூன்று மடங்காவது ஏறியிருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம், இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே போதும். அதனால் எல்லோருக்கும் வந்தவுடன் சிடி ஸ்கேன் தேவையில்லை. முதல் ஓரிரு நாளில் எடுத்தால் கணையத் திசு எவ்வளவு அழுகியிருக்கிறது என்பதும் சரியாகத் தெரியாது.

டிரிப்ஸ் கதைதான் சுவாரஸ்யம். 2022-ல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வில், வேகமாக நிறைய ஏற்றப்பட்டவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் மிகுந்து சிக்கலானது, அளவாக ஏற்றப்பட்டவர்களில் 6.3 சதவீதம்தான், அதோடு அத்தனை திரவமும் நோய் முற்றுவதைக் குறைக்கவும் இல்லை என்பதால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆக, ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல், அளவாக, அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே.

சாப்பாடு? லேசான பாதிப்பு, வாந்தி நின்றுவிட்டது என்றால் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே கொடுக்கலாம். தொற்று வராமலிருக்க என்று முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போடுவதும் இப்போது பரிந்துரையில் இல்லை (பலர் இன்னும் கேட்டு வாங்குகிறார்கள், அது வேறு விஷயம்).

அழுகிய திசுவில் தொற்று வந்தால் முன்பு வயிற்றைத் திறந்துவிடுவார்கள். இப்போது முடிந்தவரை நான்கு வாரம் பொறுத்திருந்து, முதலில் குழாய் வைத்தோ எண்டோஸ்கோப்பி வழியாகவோ வடிக்கிறார்கள், சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டுமே போதுமானதாகிவிடுகிறது. அப்புறம், காரணம் பித்தக்கல், பாதிப்பும் லேசானது என்றால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது.