குப்பைத் தோங்குக்காக மூன்று தடவை

மலேசியாவில் புதுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். குப்பை லோரி வரவில்லை என்று புகார் கொடுக்கத் தனியாளாகப் போகாதீர்கள். சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில் இல்லாமலும் போகாதீர்கள். நான் இரண்டையும் செய்தேன்.

எங்கள் தாமான் முன்பு செம்பனைத் தோட்டம், அதற்கும் முன்பு பால்மரம் (ரப்பர்). நான் பிறந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அரை மைல் தூரத்தில் இன்னும் நிற்கிறது. அங்கே குப்பைக்கு யாரும் அலைந்ததில்லை. பின்னால் ஒரு குழி. நிரம்பினால் தீ வைப்பார்கள். இப்போது இருநூறு வீடு வந்துவிட்டது. திறந்தவெளியில் எரிப்பதும் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். லோரியோ பெரிய சாலையோடு போய்விடும். எல்லாரும் கோயில் முச்சந்தியில் பையைப் போட்டார்கள், மிச்சத்தை நாயும் குரங்கும் பார்த்துக்கொண்டன.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் டிங்கிக் காய்ச்சல் சோதனைக்கு வந்தவர்கள், நாய் இழுத்து வந்து என் கேட்டருகில் போட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் கொசுப்புழு இருக்கிறது என்று 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதச் சீட்டை நீட்டினார்கள். எங்கள் வீட்டில் யாரும் ஐஸ்கிரீம் தின்பதில்லை. சொன்னேன், எடுபடவில்லை.

மறுநாளே உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வெள்ளிக்கிழமை. போய்ச் சேர்ந்தபோது மணி 12.20, கவுண்டர் 12.15-க்கே மூடி, 2.45-க்குத்தான் திறக்கும். இது என் புத்திகெட்டதனம், அவர்களைச் சொல்லிப் பயனில்லை. ஆனால் திறந்த பிறகு நடந்தது வேறு. கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்து "அலாமாட் தா அடா" என்றார். என் முகவரியே இல்லையாம்! பில் கேட்டார். பில் இன்னும் வந்ததே இல்லை. சாலை இன்னும் வீடு கட்டிய மேம்பாட்டாளர் கையில்தான் இருக்கும், அங்கே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மேம்பாட்டாளர் ஆபிஸில் ஏர்கண்டிஷன், மாதிரி வீடு, மிட்டாய் எல்லாம் உண்டு. சாலையை ஒப்படைத்த கடிதம் மட்டும் இல்லை. "ஒப்படைத்துவிட்டோமே" என்று இரண்டு நாள் கழித்து வாட்சாப்பில் சி.சி.சி. (வீடு கட்டி முடித்த சான்றிதழ்) நகலை அனுப்பினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் தடவை போனேன். இது வீட்டுக்கு, சாலை ஒப்படைத்த சூராட் (கடிதம்) எங்கே என்றார்கள். அரைநாள் சம்பளம் போச்சு.

மூன்றாம் தடவை பக்கத்து வீட்டு அண்ணனைக் கூட்டிப் போனேன். ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்). வீட்டு எண்கள், கையெழுத்துகளோடு மலாயில் ஒரு சூராட் தட்டி, இரண்டு நகல் எடுத்து வந்தார். "நம்ம நகல்ல சொப் வாங்காம நகராதே தம்பி" என்றார். வாங்கிய தேதியோடு முத்திரை கேட்டதும் அதே பெண் எழுந்து உள்ளே போனார். பத்து நிமிடத்தில் சாலை ஒப்படைப்புக் கடிதம் கிடைத்தது. பல மாதமாக அதே கட்டடத்தில், மேல்மாடியில் வேறொரு பிரிவில் கிடந்திருக்கிறது!

அப்புறம் சிக்கல் இல்லை. மூன்று வாரத்தில் 120 லிட்டர் தோங் (குப்பைத் தொட்டி) வந்தது. 2007-ஆம் ஆண்டின் 672-ஆவது சட்டத்தை (திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம்) ஏற்ற மாநிலம் எங்களுடையது, அதனால் வாரம் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும். நாளை மாற்றி மெத்தையை வெளியே வைத்தால் அது மழையில் நனைந்து அங்கேயே கிடக்கும். அனுபவம்.

இப்போது சாயங்காலமானால் லயத்து ராசம்மா பாட்டி இரண்டு பையோடு எங்கள் கேட்டுக்கு வந்துவிடுகிறார். லயம் தனியார் நிலம், லோரி அங்கே நுழையாது. "உன் தோங்குல கொஞ்சம் எடமிருக்காப்பா?" என்று கேட்கும்போதே மூடியைத் திறந்துவிடுகிறார். அண்ணனிடம் சொன்னேன். தட்டச்சுத் தாள் எடுக்கப் போய்விட்டார்.