12 டாக்ஸாலும் முடிஞ்சது, காய்ச்சல் வந்த அந்த ராத்திரிய மட்டும் மறக்க முடியல

எனக்கு மார்பு கேன்சர், அதுக்கு ஏத்துன கீமோ மருந்துல கடைசி டாக்ஸால் போன செவ்வாய்க்கிழமை இறங்குச்சு. ஊசிய உருவிட்டு பஞ்ச வச்சு அழுத்திக்கிட்டே சிஸ்டர் "அக்கா, இனிமே இந்தக் கட்டில் பக்கம் வரக்கூடாது நீங்க"ன்னு சொன்னாங்க, எனக்கு பேச்சே வரல, அழுகைதான் வந்துச்சு. நினைவு இருக்கும்போதே எழுதிடுறேன். ஆரம்பத்துல யாராவது எனக்கு இதெல்லாம் சொல்லியிருந்தா ரெண்டு மூணு இடத்துல இவ்வளவு அடிபட்டிருக்க மாட்டேன்.

எனக்கு இடது மார்புல. ஆபரேஷன் முடிஞ்சு, அக்குள்ல எடுத்த நெறிக்கட்டிகள்ல (நிணநீர் கணு) ரெண்டுல நோய் இருந்துச்சு. நோயோட வகை ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்டூ (HER2ங்கிற புரதம்) நெகட்டிவ். டாக்டர் சொன்னது ஏசி 4 தடவ, 21 நாளைக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் பேக்லிடாக்ஸல் (இதத்தான் டாக்ஸால்னு சொல்றோம்) வாரம் ஒண்ணா 12. ஏசின்னா அட்ரியாமைசினும் சைக்ளோபாஸ்பமைடும். ஒரே மருந்தா குடுக்காம ஏன் இத்தன மருந்துன்னு கேட்டேன், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழியில கேன்சர் செல்ல அடிக்கும், ஒண்ணுக்கு தப்புனது இன்னொண்ணுல மாட்டும்னாங்க. மனசுக்கு அது போதுமா இருந்துச்சு.

மொத நாளே வீணாப்போச்சு. அருப்புக்கோட்டைல இருந்து அஞ்சரை மணி பஸ்ஸ புடிச்சு மதுரைக்கு போய், டோக்கன் போட்டு, ரத்தம் குடுத்து, உயரம் எடை எல்லாம் பாத்து (டோஸ் அத வச்சுதான் கணக்கு பண்றாங்க) உக்காந்திருந்தா பதினொரு மணிக்கு எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் எங்கன்னு கேக்குறாங்க. அட்ரியாமைசின் இதயத்த பாதிக்கலாம், அதனால எக்கோ பாக்காம ஏத்த மாட்டாங்க, அது சரிதான். ஆனா தேதி எழுதிக் குடுத்த அன்னைக்கே ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல? கவுன்டர்ல இருந்தவரு தலைய கூட நிமித்தாம "எடுத்துட்டு வாங்க"ன்னுட்டாரு. அங்க எக்கோவுக்கு நாலு நாள் கழிச்சுதான் தேதின்னாங்க, வெளிய காசு குடுத்து எடுத்துட்டு ஓடி வர்றதுக்குள்ள கீமோ ஏத்துற டே கேர் வார்டுல நேரம் முடிஞ்சு போச்சு.

அதோட போச்சான்னா இல்ல. முதலமைச்சர் காப்பீட்டு கார்டுல என் பேருக்கு முன்னாடி எங்க அப்பா இனிஷியல், ஆதார்ல எங்க வீட்டுக்காரர் இனிஷியல், பயாப்சி ரிப்போர்ட்ல இனிஷியலே இல்ல. மூணும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கிறதுக்கு ஆறு நாள் அலைஞ்சோம். கல்யாணம் ஆன பொம்பளைங்க எல்லாருக்கும் இந்தப் பிரச்சனை இருக்கும், ஆபரேஷனுக்கு முன்னாடியே ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு கார்டு மூணையும் பக்கத்துல வச்சு ஒரு தடவ பாத்துருங்க. நோய் கண்டுபிடிச்சதும் போடுற முதல் சீட்டுல இருந்தே அதே பேர்ல போடச் சொல்லுங்க.

ஏத்துறது ஒண்ணும் பெரிய விஷயமா தெரியல. வாந்திக்கு முன்னாடியே மாத்திரை குடுத்துடுறாங்க. அட்ரியாமைசின் ரூஹாப்சா மாதிரி சிவப்பா இருக்கும், அன்னைக்கும் மறுநாளும் யூரின் சிவப்பா போகும், ரத்தம்னு பயப்பட வேணாம். அது ஏறும்போது வாயில ஐஸ் கட்டிய வச்சு சப்புங்க, வாய்ப்புண் கொறையும். இத எனக்கு சொன்னது டாக்டர் இல்ல, பக்கத்து கட்டில்ல இருந்த ராஜபாளையத்து அம்மா.

ஒரே ஒரு விஷயம், அது நரம்புக்கு வெளிய கசிஞ்சா சதையவே புண்ணாக்கிடும். நான் போர்ட் (மருந்து ஏத்த தோலுக்கு அடியில வைக்கிற சின்ன கருவி) வைக்கல, கையிலதான் ஏத்துனாங்க, அதுவும் ஆபரேஷன் பண்ணாத வலது கையில மட்டும்தான். ரெண்டாவது சைக்கிள்ல (ஒரு தடவ கீமோ ஏத்துறத ஒரு சைக்கிள்ங்கிறாங்க) ஊசி போட்ட இடத்துல சுரீர்னு எரிஞ்சுச்சு. லேசா எரியத்தான் செய்யும்னு பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க, நான் கேக்கல, சத்தம் போட்டு சிஸ்டர கூப்பிட்டேன். வந்து பாத்து உடனே நிறுத்திட்டு வேற நரம்புல மாத்துனாங்க, நல்லவேளை சொன்னீங்கன்னாங்க. கூச்சப்படாதீங்க, எரிஞ்சா அந்த நிமிஷமே சொல்லுங்க.

இப்ப அந்த காய்ச்சல். மொத சைக்கிள் முடிஞ்சு பத்தாவது நாள். ஒரு வாரம் தள்ளியாச்சு, சாப்பாடு கொஞ்சம் இறங்குது, தாளிக்கிற வாசனைக்கு கொமட்டுறது கூட நின்னுருச்சு, சரி தேறிட்டேன்னு நெனச்சேன். உண்மையில அந்த 10லேருந்து 14 நாள்லதான் கிருமிய எதிர்க்கிற வெள்ளை அணு ரொம்ப கீழ போகும்னு எனக்கு அப்ப தெரியாது. சாயங்காலம் உடம்பு குளிருச்சு, தெர்மாமீட்டர்ல 101. டிஸ்சார்ஜ் சீட்டுல 100.4க்கு மேல போனா உடனே வரணும்னு இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல இருந்துருக்கு, நாங்க யாரும் படிக்கல. ராத்திரி நேரம் மதுரைக்கு எப்படி போறதுன்னு உள்ளூர்ல ஒரு கிளினிக்குக்கு போனோம். கீமோ போய்க்கிட்டு இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவ சொன்னாரு. அவங்க ரத்தம் பாக்கல, வைரல் ஃபீவர்னு பாராசிட்டமால் குடுத்து காலையில வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

விடியக்காலம் 103. கார் புடிச்சு மதுரைக்கு போகும்போது எனக்கு பாதி நினைவு இல்ல, எங்க வீட்டுக்காரர் கைய புடிச்சுக்கிட்டே வந்தாரு. கவுன்ட் பாத்தா மொத்த வெள்ளை அணுவே 600. அஞ்சு நாள் தனி ரூம்ல வச்சு ஆன்டிபயாடிக் ஏத்துனாங்க. டூட்டி டாக்டர் எங்கள திட்டல, ஆனா "இன்னும் ஆறு மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம்மா"ன்னு சொன்னப்ப எங்க வீட்டுக்காரர் மூஞ்சிய பாக்க முடியல. அவரு மேல என்ன தப்பு? அவரு சொன்னத அங்க யாரும் காதுல வாங்கலையே.

அதனால இத ரெண்டு தடவ படிங்க. கீமோவுல இருக்கிறவங்களுக்கு 100.4 தாண்டுனா ராத்திரியோ பகலோ நேரா கீமோ குடுக்குற ஆஸ்பத்திரி கேசுவால்டிக்கு போங்க. போக முடியலன்னா பக்கத்துல ரத்தம் பாக்குற வசதி இருக்கிற எங்கயாவது போய் "கீமோ, சிபிசி பாருங்க, கவுன்ட் பாருங்க"ன்னு நீங்களே கேளுங்க. அதே மாதிரி உடம்பு வலிக்குதுன்னு பாராசிட்டமால் போடுறதுக்கு முன்னாடி டெம்பரேச்சர் பாத்துருங்க, மாத்திரை காய்ச்சல மறைச்சிடும்.

அடுத்த சைக்கிள்ல இருந்து கவுன்ட் ஏத்துற ஊசி, பெக்ஃபில்கிராஸ்டிம். கீமோ முடிஞ்சு 24 மணி நேரம் கழிச்சுதான் போடணும், அதனால ஐஸ் வச்ச டப்பாவுல வீட்டுக்கு குடுத்து விடுவாங்க, ஃபிரிட்ஜ்ல வச்சு மறுநாள் உள்ளூர் நர்ஸ வச்சு போட்டுக்கணும். மொத தடவ எங்க மாமியார் பாவம், சில்லுனு இருக்கணும்னு சொன்னாங்களேன்னு ஃப்ரீசருக்குள்ள வச்சுட்டாங்க. கட்டியா உறைஞ்சு போச்சு, போடக்கூடாதுன்னுட்டாங்க. மறுபடி காசு குடுத்து வாங்கிட்டு வந்தோம். கீழ் தட்டுலதான் வைக்கணும், வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. ஊசி போட்ட மறுநாள் இடுப்பு எலும்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்.

முடி பதினாறாவது நாள் தலகாணியெல்லாம் கொட்டுச்சு, எங்க அண்ணன் வந்து மழிச்சு விட்டாரு.

பப்பாளி இலை சாறு குடி, கோதுமைப்புல் குடின்னு சொந்தக்காரங்க வரிசையா வருவாங்க, பாசத்துலதான் சொல்றாங்க, டாக்டர கேக்காம எதையும் உள்ள விடாதீங்க. நான் வீட்டுல செஞ்ச இட்லி, சூடா பருப்பு சாதம், முட்டை நல்லா வெந்தது, கொதிக்க வச்சு ஆறுன தண்ணி, இதுலயே ஓட்டுனேன். வெளிய நறுக்கி வச்ச பழம், கடைச் சட்னி தொடவே இல்ல. வாந்தி மாத்திரைக்கு மலச்சிக்கல் பயங்கரமா வரும், மொத நாளே அதுக்கும் மருந்து கேட்டு வாங்கிருங்க.

டாக்ஸால் ஏசி மாதிரி இல்ல, வாந்தி ரொம்ப கொறைவு. மொத டோஸ் ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல நெஞ்ச அடைச்சு மூஞ்சியெல்லாம் சிவந்துருச்சு, நிறுத்தி அலர்ஜிக்கு அவில் ஊசி போட்டு மெதுவா திரும்ப விட்டாங்க, அதுக்கப்புறம் வரல. முன்னாடி போடுற ஸ்டீராய்டுனால அன்னைக்கு ராத்திரி தூக்கமே வராது, சுகர் இருக்கிறவங்க அன்னைக்கும் மறுநாளும் கண்டிப்பா பாக்கணும். விரல் மரத்துப் போறதுதான் இதுல பெரிய கஷ்டம். எட்டாவது வாரம் மல்லிப்பூ கட்ட உக்காந்தா நார் விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியல, ஜாக்கெட் ஊக்கு மாட்ட பொண்ண கூப்பிட வேண்டியிருந்துச்சு. சும்மா வயசுக்கு வர்ற மரப்புன்னு நானா நெனச்சு ரெண்டு வாரம் சொல்லாம விட்டுட்டேன், சொன்னதும் டாக்டர் டோஸ கொறைச்சாரு. முன்னாடியே சொல்லியிருக்கணும்.

தூரத்துல இருந்து சென்னைக்கு, வேலூருக்கு போறவங்களுக்கு ஒண்ணு. ரயில்ல கேன்சர் பேஷண்டுக்கு ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் டிக்கெட் காசு கிடையாது, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரில அதுக்குன்னு படிவம் இருக்கு, கேட்டாத்தான் குடுப்பாங்க.

விரல் இன்னும் முழுசா சரியாகல, ஆனா நேத்து ரெண்டு முழம் பூ கட்டுனேன், கோணல் மாணலாத்தான் வந்துச்சு, சாமி படத்துக்கு போட்டாச்சு. அடுத்த வாரம் ரேடியேஷனுக்கு பிளானிங் சிடி ஸ்கேன். இந்தத் தடவ ஃபோன் பண்ணி என்னென்ன பேப்பர் வேணும்னு முன்னாடியே கேட்டு, எல்லாத்தையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து பையில வச்சிருக்கேன், எக்கோ ரிப்போர்ட்தான் மேல இருக்கு.