சஸ்பென்ஸ் படத்தை வைத்து ஆளுமை உளவியல் படிப்பது எப்படி: தேர்வுக்கும் குறும்படப் பயிற்சிக்கும்

ஒரு சஸ்பென்ஸ் படத்தை எடுத்துக் கதாபாத்திரத்தின் ஆளுமையை ஆராயச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் நேராக க்ளைமாக்ஸுக்குப் போய்விடுவார்கள். ஆளுமை மிகக் குறைவாகத் தெரியும் இடம் அதுதான். 'வலுவான சூழல்' என்று உளவியலாளர் வால்டர் மிஷெல் சொன்னது இதைத்தான்: என்ன செய்ய வேண்டும் என்பதைச் சூழலே தீர்மானித்துவிட்டால், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் மங்கிவிடும். கத்தியோடு ஒருவன் துரத்தினால் கூச்ச சுபாவக்காரரும் ஓடுவார், ஊரையே பேச்சில் கட்டிப்போடுபவரும் ஓடுவார். அந்த ஓட்டத்தை வைத்து எந்தப் பண்பையும் நிரூபிக்க முடியாது.

அதனால் படத்தின் முதல் இருபது நிமிடத்தை எடுங்கள். ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும் காட்சிகள்: சாப்பிடுவது, கதவைப் பூட்டுவது, கடன் கேட்பவரைச் சமாளிப்பது. அங்கே சூழல் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆள் தன் இயல்பில்தான் நடந்துகொள்கிறார்.

காட்சியைப் பார்க்க ஒரு முறை உண்டு. மூன்று முதல் ஐந்து நிமிடக் காட்சி போதும். முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள், எதுவும் எழுத வேண்டாம். இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கட் வரும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தடவை ஒலியோடு பார்த்து நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையை நிரப்புங்கள்: நேரம், பார்வையாளருக்குத் தெரிந்தது, கதாபாத்திரத்துக்குத் தெரிந்தது, கதாபாத்திரம் செய்தது. நான்காவது பத்தியில் வினைச்சொல் மட்டும்தான் வர வேண்டும். 'பதற்றமானவள்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள். 'சாவியை இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறாள்' என்று எழுதுங்கள். பெயரடை ஏறிவிட்டால் முடிவை முதலிலேயே எழுதிவிட்டோம் என்று அர்த்தம். பிறகு சான்றைத் தேட மனம் வராது.

ஷாட்களின் சராசரி நீளத்தையும் கணக்கிட்டு வையுங்கள். 180 விநாடிக் காட்சியில் 36 ஷாட் இருந்தால் சராசரி 5 விநாடி. காட்சியின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனியாகப் போடுங்கள். 'வேகம் கூடுகிறது' என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த இரண்டு எண்கள் விடையில் எடுபடும். பதற்றம் கூடும்போது வெட்டு எப்போதும் வேகமாகும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பல நல்ல காட்சிகளில் ஷாட் நீள்வதுதான் நெஞ்சை அடைக்கும்.

இனி, பண்பு எப்படி சஸ்பென்ஸாக மாறுகிறது என்பதை ஒரு கற்பனைக் காட்சியில் பார்ப்போம். ஒரு பெண் வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்குகிறாள், திரும்பி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். காத்திருக்கும் தோழி சிரிக்கிறாள். பத்து நிமிடம் கழித்து வேறோர் இடம்: ஒரு படிவத்தைக் கடைசி வரி வரை படித்த பிறகே கையெழுத்துப் போடுகிறாள், பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. இரண்டுமே நகைச்சுவையாக வந்து போய்விடும். படத்தின் நடுவில், அவள் கிளம்பிப் போனதும் கள்ளச்சாவி போட்டு ஒருவன் உள்ளே நுழைகிறான். அலமாரியைத் திறக்கிறான். அடுத்த ஷாட்டில் தெருவில் நடந்துகொண்டிருக்கும் அவளுடைய கை, பைக்குள் எதையோ துழாவிக்கொண்டே நிற்கிறது. வசனம் இல்லை, இசையும் தேவையில்லை. அவள் திரும்பி வருவாள் என்று பார்வையாளருக்குத் தெரியும், உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது.

முதல் இரண்டு காட்சிகளை வெட்டிவிட்டுப் பாருங்கள். அவள் திரும்புவது தற்செயலாகிவிடும், 'அதெப்படி சரியா அந்த நேரத்துல வந்தா?' என்ற கேள்வி வரும். பண்பை முன்பே காட்டியிருந்தால்தான் பார்வையாளர் அடுத்ததை ஊகிக்க முடியும். ஊகிக்க முடிந்தால்தான் பயப்பட முடியும்.

இதே காட்சியை உளவியல் விடையாக எழுதும்போது 'பொறுப்புணர்வு' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். உளவியலாளர்கள் கோஸ்டாவும் மெக்ரேயும் 1992ல் வெளியிட்ட திருத்திய நியோ ஆளுமை வினாநிரலில் (NEO PI-R) ஆளுமையின் ஐந்து காரணிகள், காரணிக்கு ஆறு உட்கூறுகள், உட்கூறுக்கு எட்டு வினாக்கள்: மொத்தம் 240. அந்த ஐந்தில் ஒன்றான பொறுப்புணர்வின் ஆறு உட்கூறுகள்: திறன், ஒழுங்கு, கடமையுணர்வு, சாதனை முனைப்பு, சுயகட்டுப்பாடு, நிதானித்துச் செயல்படுதல். படிவத்தைக் கடைசி வரி வரை படிப்பது நிதானத்துக்கான சான்று. பூட்டை இழுத்துப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல. அது நியூராட்டிசிசம் (எளிதில் மனம் கலங்கும் போக்கு) என்ற இன்னொரு காரணியில் அடங்கும் கவலை என்ற உட்கூறாகவும் இருக்கலாம். எது என்று முடிவுசெய்ய அந்த நேரத்தில் முகத்தைப் பாருங்கள்: இழுத்துப் பார்த்ததும் மனம் அடங்கிப் போகிறாளா, போகும் வழியெல்லாம் அதே நினைப்பா? இந்த ஐயத்தை எழுதுவது விடையைப் பலவீனமாக்காது.

சான்று போதுமா என்று சோதிக்க உளவியலாளர் ஹெரால்ட் கெல்லி 1967ல் முன்வைத்த மூன்று கேள்விகள் உதவும். இந்தச் சூழலில் எல்லோரும் இப்படித்தான் செய்வார்களா? இவர் மற்றச் சூழல்களிலும் இப்படித்தானா? இதே சூழல் திரும்ப வந்தால் மீண்டும் இதையே செய்வாரா? முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் அது சூழலின் வேலை, ஆளின் பண்பல்ல. ஒரே ஒரு செயலை வைத்துப் பண்பைச் சொல்லவும் கூடாது. மிஷெல் 1968ல் காட்டியது, பண்பு அளவுகளுக்கும் தனித்தனி நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) பெரும்பாலும் 0.30ஐத் தாண்டுவதில்லை என்பது. பல சந்தர்ப்பங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் நிலைத்தன்மை கூடுகிறது என்று 1979ல் சீமோர் எப்ஸ்டீன் பதில் சொன்னார். இரண்டையும் ஒன்றாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

சினிமா பக்கத்தில் எல்லோரும் எழுதுவது இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு உதாரணம்: சொல்லாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, முன்பே காட்டினால் 15 நிமிட சஸ்பென்ஸ். எழுதலாம், தவறில்லை. ஆனால் மேஜையில் உட்கார்ந்திருப்பது யார் என்று அந்த உதாரணம் சொல்வதில்லை. சட்டென்று எழுந்து போகக்கூடியவரா, எதிராளி பேசி முடிக்கும்வரை மரியாதைக்காக உட்கார்ந்திருப்பவரா? பின்னவர் என்றால் எதிராளி கேட்கும் ஒவ்வொரு 'அப்புறம்?' என்ற சொல்லுமே பதற்றம். கதை உளவியல் ஆய்வாளர்கள் ப்ரூவரும் லிக்டன்ஸ்டைனும் 1982ல் செய்த பிரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தொடக்கம் தெரிந்து விளைவு தள்ளிப்போனால் சஸ்பென்ஸ், விளைவு தெரிந்து காரணம் மறைந்தால் ஆர்வம், மறைத்ததே தெரியாமல் மறைத்தால் ஆச்சரியம். கொலையாளி யார் என்று தேடும் கதை இரண்டாவது வகையில்தான் வரும்.

1960ல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை எழுதப்போகிறீர்கள் என்றால், குளியலறைக் கொலையை விட்டுவிட்டு அதற்குப் பின் வரும் துடைத்துக் கழுவும் காட்சிக்குப் போங்கள். கொலை நடந்த விடுதியை நடத்தும் நார்மன் தரையையும் தொட்டியையும் பொறுமையாக, ஒழுங்காகச் சுத்தம் செய்கிறான். பிறகு காரைச் சதுப்பில் தள்ளுகிறான், அது பாதியில் மூழ்காமல் நின்றுவிடுகிறது. அந்த நொடியில் பார்வையாளரும் 'மூழ்கித் தொலையேன்' என்று நினைக்கிறார். நமக்குப் பிடித்த நல்லவருக்கு ஆபத்து வந்தால்தான் சஸ்பென்ஸ் என்ற விளக்கம் இங்கே தடுமாறுகிறது. மதிப்பெண் இந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது.

திருத்துபவரைச் சலிக்க வைக்கும் பிழைகள் சில. நார்மனை மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயாளி என்பது: ஒருவருக்குள்ளேயே வெவ்வேறு ஆட்கள் இருப்பதுபோன்ற பிளவுண்ட அடையாளம் வேறு, மனச்சிதைவு வேறு. சைக்கோபதியையும் சைக்கோசிஸையும் ஒன்றாக்குவது: முன்னது குற்றவுணர்வும் பரிவும் குறைந்த ஆளுமைப் போக்கு, பின்னது நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை. உள்முகத்தையும் கூச்சத்தையும் குழப்புவது: முன்னது தனிமையை விரும்புவது, பின்னது பிறர் முன் தயங்கி அஞ்சுவது. எல்லா வில்லனுக்கும் ஃப்ராய்டைக் கூப்பிடுவது.

குறும்படம் எடுப்பவர்களுக்கு: ஐந்து நிமிடப் படத்துக்கு ஒரு பண்பு போதும். அதை வேறு வேறு சூழலில் இரண்டு முறை காட்டுங்கள், இரண்டு முறையும் வேறொரு காரணத்துக்குள் ஒளித்துக் காட்டுங்கள். மூன்றாவது முறை காட்டினால் பார்வையாளர் முன்னமே மோப்பம் பிடித்துவிடுவார். முதல் எடிட் முடிந்ததும், கதை தெரியாத ஐந்தாறு பேருக்குப் போட்டு, ஆபத்து தொடங்கியதும் நிறுத்தி, 'இவள் இப்போ என்ன செய்வாள்?' என்று கேளுங்கள். யாருக்குமே சொல்லத் தெரியவில்லை என்றால் பண்பைக் காட்டும் ஷாட் போதவில்லை, க்ளோசப்பாக மாற்றுங்கள் அல்லது இரண்டு விநாடி நீட்டுங்கள். எல்லோரும் கொட்டாவியோடு சரியாகச் சொன்னால், இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு வேறு ஐந்து பேரிடம் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே பார்த்தவர்களிடம் மறுபடி கேட்பதில் பயனில்லை.