செவலையின் பத்து நாள்

10.8.2025, ஞாயிறு இரவு, உறையூர்

வாசல் கேட்டின் கொக்கியை நான்தான் போடவில்லை. மற்றதை எழுதும் முன் இது இருக்கட்டும்.

கூண்டைக் கழுவுவதற்காக எங்கள் முயல் மொச்சையை முற்றத்தில் விட்டிருந்தேன். தெருநாய் செவலை வழக்கம்போல ஐந்து மணிச் சோற்றுக்கு வந்தது. முயலுக்கு இப்படிக் கத்தத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஓடிப்போய் நாயின் வாயிலிருந்து பிடுங்கியபோது என் கட்டைவிரல் அடியிலும் பல் இறங்கியது.

இரண்டு இடங்களில் "நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்து டாக்டர் தொடை மயிரை மழித்தார். உளுந்தளவில் இரண்டே துளைகள். சுற்றிலும் நாவல்பழ நிறத்தில் கன்றிக் கிடந்தது. "பல் பட்டது கொஞ்சம்தான். கவ்வி உதறியதில் உள்ளே சதை நசுங்கியிருக்கும்" என்றார். பிறகு என் கையைப் பார்த்து, "இதை இன்னும் கழுவவில்லையா?" என்று ஒரு சத்தம் போட்டார். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம். அங்கிருந்து நேரே அரசு மருத்துவமனை. காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின், அதாவது வெறிநோய்க்கு எதிரான ஆயத்த எதிர்ப்புப்பொருள், ஊசி. அம்மா பெயரைச் சொல்லி அலறினேன். இரண்டு தோள்களிலும் தடுப்பூசி. அடுத்தவை 13, 17, செப்டம்பர் 7.

11.8, திங்கள்

மொச்சை எதையும் தொடவில்லை. கொத்தமல்லித்தழையைக்கூட. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வலியிலும் பயத்திலும் அது நின்றுபோனால் கடித்த காயத்தைவிட அதுவே ஆளைக் கொன்றுவிடும். வலிக்கு மெலாக்சிகாம் சொட்டு கொடுத்து, தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி, சிரிஞ்சால் கடைவாய் ஓரமாக விடுகிறேன். பாதி என் மடியில். மருந்துக்கடையில் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடுத்து நீட்டினார்கள். நல்லவேளை, முயலுக்கு அதை வாய்வழியே கொடுக்கவே கூடாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

குப்புறப் படுத்துப் புழுக்கை எண்ணினேன். காலையிலிருந்து நான்கு.

இரவுச் செய்தியில் டில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு. எதிர்வீட்டு மாமா உற்சாகமாகிவிட்டார். "நாளைக்கே மாநகராட்சிக்குப் போன் போடுகிறேன், செவலையைத் தூக்கிக்கொண்டு போகட்டும்." மனதார ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நர்ஸ் சொன்னது உறைத்தது: நாயைப் பத்து நாள் கண்ணில் படும்படி வைத்திருங்கள், பத்து நாளும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய் இல்லை. எனக்காவது ஊசி உண்டு. மொச்சைக்கு இருப்பது அந்த நாயின் ஆரோக்கியம் மட்டும்தான். பத்து மணிக்கு மேல் மாமா வீட்டுக் கதவைத் தட்டி, போன் வேண்டாம் என்று கெஞ்சினேன். என்னைப் பார்த்த பார்வையில், கடி மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

13.8, புதன்

இரண்டாவது ஊசி. புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால் கூண்டு முழுக்கக் கொசுவலை. மாலையில் ஒரே ஒரு அருகம்புல், நுனியிலிருந்து அடிவரை, இழுத்துக்கொண்டே போய்விட்டது. மகள் அழுதாள். புழுக்கை பதினொன்று.

17.8, ஞாயிறு

அம்மா நாய்க்குச் சோறு வைப்பதை நிறுத்திவிட்டாள். அதனால் நான் வைக்கிறேன். வைக்காவிட்டால் அது வேறு தெருவுக்குப் போய்விடும். என் கணக்கு கெட்டுவிடும். தயிர்சாதத்தைத் தெருமுனை மின்கம்பத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கவனிக்கிறேன்: விழுங்க முடிகிறதா, நடை தள்ளாடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா. காது நுனியில் வெட்டு இருக்கிறது. கருத்தடை செய்து விட்ட நாய். மூன்று வருடமாகச் சோறு போட்டும் அதை நான் பார்த்ததில்லை. வாலை ஆட்டுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

20.8, புதன்

பத்தாம் நாள். காலையில் காணவில்லை. மூன்று தெரு சுற்றி, கறிக்கடை வாசலில் கண்டேன். ஒரு பூனையைத் துரத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் எந்த நாயையும் திட்டியதில்லை.

22.8, வெள்ளி

நீதிமன்றம் உத்தரவை மாற்றிவிட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர. செவலை மூர்க்கமானதா? மாமாவைக் கேட்டால் ஒரு பதில், என்னைக் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு பதில்.

7.9, ஞாயிறு

கடைசி ஊசி. நாய் நலமாக இருப்பதால் இதை விட்டுவிடலாம் என்றார்கள், போட்டுக்கொண்டேன். மொச்சையின் தொடையில் மயிர் வெள்ளையாக முளைக்கிறது. தெருவில் எங்கே குரைப்புக் கேட்டாலும் பின்னங்காலால் தரையைத் 'தொப்'பென்று அடிக்கிறது, அது மாறவில்லை.

இன்று இரவு சந்திர கிரகணம். அம்மா சீக்கிரமே சமையலை முடித்துவிட்டு, தட்டில் சோற்றைப் பிசைந்து என்னிடம் நீட்டினாள். "கிரகணத்துக்கு முன்னால் அதற்கும் வைத்துவிடு. கம்பத்தடியில். வாசலில் வேண்டாம்."

வைத்துவிட்டு வந்து கொக்கியைப் போட்டேன். உள்ளே போனவள் திரும்பி வந்து, ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.